திரும்பி வந்த தாத்தாவுக்குத் தாள் இல்லை

பெரிய தாத்தாவைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் தம்பியை, அதாவது என் சொந்தத் தாத்தாவை, ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் சில மாத இடைவெளியில் சங்கரன்கோவிலிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள். மூத்தவர் 1945-ல் பர்மாவிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இளையவர் சண்டை முடிந்து ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, வீடு கட்டி, என்னைத் தோளில் உட்காரவைத்து ஆடித்தபசுக் கூட்டத்தில் அம்மனைக் காட்டி, எண்பது வயதைத் தாண்டித்தான் கண்ணை மூடினார்.

மூத்தவருக்கு வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனால் இணையத்தில் அவருடைய பெயர், எண், பதவி, படைப்பிரிவு, தகப்பனார் பெயர், இறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. யாங்கூனுக்கு வடக்கே தாக்கியான் கல்லறைத் தோட்டத்து நினைவுத் தூண்களில் எந்தப் பக்கத்தில் பெயர் வெட்டியிருக்கிறது என்பது வரைக்கும் இருக்கிறது. இளையவரைப் பற்றிக் கேட்டால் எந்தத் தளமும் வாய் திறப்பதில்லை.

எங்கள் வீட்டு ராசி அப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். வாசுதேவநல்லூர், புளியங்குடி, திருவேங்கடம் பக்கத்தில் இதே மாதிரி தேடிக்கொண்டிருந்த நாலைந்து பேரோடு பேசியபோது எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். செத்தவர் கிடைக்கிறார், பிழைத்தவர் கிடைப்பதில்லை. கணினியில் ஏறிய ஆவணங்கள் பெருகப் பெருக இந்த வித்தியாசம் குறையும் என்று எதிர்பார்ப்போம். குறையவில்லை. ஏன் என்று பார்த்தால், அந்தத் தாள்களை யார், எதற்காக எழுதிவைத்தார்கள் என்பது வரை போக வேண்டியிருக்கிறது.

பெரிய தாத்தா கிடைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு நிறுவனம். 1917-ல் லண்டனில் அரச சாசனத்தின் பேரில் ஏற்பட்டு, இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் இருப்பது. இரண்டு உலகப் போர்களிலும் மாண்ட ஏறத்தாழ 17 லட்சம் பேரை நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அந்தப் பட்டியல் முழுவதையும் காசு கொடுக்காமல் இணையத்தில் தேடலாம். இரண்டாம் போர் என்றால் பல பதிவுகளில் ‘இன்னார் மகன், இன்னார் கணவன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்ற ஒரு வரி கூடவே வரும். நமக்குப் பொன்னான வரி அதுதான். பெயரை மட்டும் போட்டால் முத்தையாக்களும் மாடசாமிகளும் வரிசைகட்டி வந்து நிற்பார்கள். ஊரையும் சேர்த்துப் போட்டால் கூட்டம் கலையும்.

ஆனால் எந்த ஊரை, எப்படிப் போடுவது? தென்காசி மாவட்டம் என்று ஒன்று 2019 நவம்பர் 22 அன்றுதான் பிறந்தது. 1945-ன் எழுத்தருக்குத் திருநெல்வேலியே தெரியாது, அவருக்குத் தெரிந்தது ‘டின்னவெல்லி’. பாளையங்கோட்டை என்றால் ‘பாலம்கோட்டா’. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் 1910-க்கு முன்னால் டின்னவெல்லிக்காரர், அதற்குப் பிறகு ராம்நாடுக்காரர். எங்கள் ஊர் அந்தக் காலக் காகிதங்களில் ‘சங்கரநயினார்கோவில்’. பெரியவர்கள் இன்றைக்கும் அப்படிச் சொல்வதைக் கேட்கலாம். அதை ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதினார். கோவில் சில சமயம் கோயிலாகும், சில சமயம் தனியே பிரிந்து நிற்கும், நயினாரில் ஓர் எழுத்து கூடும் அல்லது குறையும். நான் பதினொரு விதமாக அடித்துப் பார்த்த பிறகு, கடைசியில் ‘டின்னவெல்லி’ என்று மட்டும் போட்டுச் சாப்பர்களை, அதாவது ரோடும் பாலமும் போடுகிற பொறியியல் படையினரை, ஒவ்வொருவராகப் பார்த்தபோதுதான் பெரிய தாத்தா அகப்பட்டார். அந்தப் பத்து நிமிஷம் இந்தக் கடைசிச் சுற்றுக்கானது. முந்தைய பதினொன்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இது இரண்டாம் போரின் கதை. முதல் போர் என்றால் இறந்தவருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1914-18-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. பிரான்சில் இறந்தவர்களில் கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டோர் பெயர் நூவ் ஷப்பேல் நினைவிடத்தில் இருக்கிறது. மெசபடோமியாவில் கதை வேறு. கல்லறை தெரியாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக பஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிக்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் ‘இந்த ரெஜிமெண்டில் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நினைவிடத்தையே 1997-ல் சதாம் உசேன் ஆணையிட்டு நாசிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார் என்பது தனிக்கதை.

2021 ஏப்ரலில் ஆணையமே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைக்கப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைக்கப்படவே இல்லை அல்லது அறவே விடப்பட்டார்கள். இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். கிராமத்தை விட்டுப் போன ஆள் திரும்பினானா இல்லையா என்று எழுதிவைக்கக்கூட ஆள் இல்லாமல் இருந்ததற்கு அந்தத் தூரமே சாட்சி.

நம் பக்கத்தில் இதன் சின்ன வடிவம் ஒன்று உண்டு. முதல் போருக்குப் பிறகு நாடு முழுக்கப் பல கிராமங்களில் ஒரே மாதிரியான கல் பதித்தார்கள். இந்த ஊரிலிருந்து மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் பழைய கச்சேரிச் சுவர்களில், சாவடித் திண்ணைகளில் அந்தக் கற்கள் சுண்ணாம்பு மூடிக் கிடக்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட நடுகல்லில் பெயர் இருக்கும், யார் மகன் என்று இருக்கும். சர்க்கார் கல்லில் எண்ணிக்கை மட்டும்.

மதராஸ் மாகாணத்துக்காரர் என்றாலே காகிதம் குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது போருக்கு வெகு காலம் முந்தையது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவைப் பிடித்துக் கொடுத்ததில் மதராஸ் பட்டாளத்துக்குப் பெரும் பங்கு. மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை 1758-ல் இருந்து கணக்கிடுகிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘போர்க்குடி’ என்ற சித்தாந்தம் வந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் பட்டாளத்தின் தளபதியாகவும் பிறகு 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று உறுதியாக நம்பியவர். ஒவ்வொன்றாக மதராஸ் பட்டாலியன்களைக் குறைத்தார்கள். முதல் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது மட்டும் லாயக்கு வந்துவிட்டது. அரசு வெளியிட்ட கணக்குப்படி மதராஸ் மாகாணத்திலிருந்து போர்ப்பணிக்கு 51,223 பேரும், சமையல், சுமை, சலவை போன்ற மற்றப் பணிகளுக்கு 41,117 பேரும் எடுத்தார்கள். பஞ்சாபில் போர்ப்பணிக்கு மட்டும் மூன்றரை லட்சம். போர் முடிந்ததும் மறுபடி பழைய குருடி. 1928-க்குள் மதராஸ் காலாட்படை இல்லாமல் போனது, 1933-ல் பாதை போடும் பயோனியர் படையினரும் போனார்கள். மிஞ்சியது பெங்களூரின் சாப்பர்கள்தான். இன்னொரு போர் வந்து, 1941-க்குப் பிறகு மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது.

தேடுகிறவருக்கு இதனால் என்ன? ஒரு ரெஜிமெண்ட் கலைந்தால் அதன் காகிதங்களுக்கு வாரிசு இல்லை. தொடர்ந்து இருக்கிற படைக்கு ஆவண அலுவலகம் இருக்கிறது, பழம்பெருமை பேச ஆள் இருக்கிறது, பொன்விழா மலர் இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா 1917-ல் சேர்ந்த கர்னாடிக் இன்ஃபன்ட்ரிக்கு இன்று யாரும் இல்லை.

‘63-ஆம் பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி’ என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப் பட்டாளம் என்று உற்சாகப்பட வேண்டாம். பெயர் பழைய முகாமிலிருந்து வந்தது, ஆட்கள் மாகாணம் முழுக்க எடுத்தவர்கள். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்கப் போன படையில் அதுவும் இருந்தது. சுமார் 8,000 பேர் போய், லெட்டோ-ஃபோர்பெக் என்ற ஜெர்மானியரின் கீழ் இருந்த சுமார் 1,000 பேரிடம் தோற்று, தேனீக்களிடமும் கொட்டு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். பிரிட்டிஷ் எழுத்துகளில் 63-ஆம் பட்டாளம் கலைந்து ஓடியது என்று திரும்பத் திரும்ப வரும். போர் நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர் வெள்ளைக்கார அதிகாரி. அவர் பெயர் சொல்லி எழுதுவது சக அதிகாரிகளை. சிப்பாய்கள் ‘சாவு 3, காயம் 11’ என்றுதான் வருவார்கள். வாரக்கணக்காகக் கப்பலில் அடைபட்டு, ஒன்றாகப் பயிற்சி எடுத்தே இராத ஆட்களைக் கரையில் இறக்கிய தளபதியின் கூமுட்டைத்தனம் சிப்பாயின் கோழைத்தனமாக எழுதப்பட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். கொள்ளுப்பேரன் ஆசையோடு தேடிப் போய்க் கண்டெடுப்பது அந்த வசவைத்தான்.

எதிரியின் கையெழுத்தில் முன்னோரைப் படிப்பது நமக்குப் புதிதும் அல்ல. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து நெற்கட்டும்செவலில் புலித்தேவரின் கோட்டை முன்னால் 1755-ல் கம்பெனியின் கர்னல் ஹெரான் வந்து நின்று, சுவரை உடைக்கத் தக்க பீரங்கி இல்லாமல் திரும்பிப் போன கதையை ராபர்ட் ஓர்மின் வரலாற்று நூலில் படிக்கலாம். நூல் ஆர்க்கைவ் தளத்தில் இலவசம். ஆனால் நெற்கட்டும்செவல் என்று தேடினால் கிடைக்காது. ஓர்மின் காதில் அது ‘நெல்லிடாங்கவில்’ என்று விழுந்திருக்கிறது. புலித்தேவர் ‘புலிடாவெர்’. 1761-ல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கான் புலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்ததும் கம்பெனிக் கணக்கில் உண்டு. கோட்டைக்குள் நின்று சண்டை போட்டவர்களுக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி போன்றவர்கள் கதைப்பாடலிலும் குலக் கும்பிடிலும் தங்கினார்கள், புலித்தேவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் போய் மறைந்தார் என்று ஊர் சொல்கிறது. அந்தப் பக்கம் நின்றவர்களின் வாரிசுகள் எந்தத் தளத்தில் தேடுவார்கள்? கம்பெனி சம்பளம் கொடுத்தவன் கணக்கில் வருகிறான், கம்பெனியை எதிர்த்தவன் பாட்டில் வருகிறான்.

இனி உயிரோடு திரும்பியவர்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் அவனுடைய பணிப் பதிவேடு லண்டனில் இருக்கக்கூடும், இருந்தால் பணம் கட்டிப் பேரன் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பான். இந்தியப் படையின் வெள்ளை அதிகாரிகளுடைய கோப்புகளும் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், இருக்கின்றன. இந்தியச் சிப்பாயின் தாள்கள் அங்கே போகவே இல்லை. அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில் தங்கின, 1947-ல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்குமாகப் பிரிந்தன. ஆகவே லண்டன் தளங்களில் மாதக் கட்டணம் கட்டித் தாத்தாவைத் தேடுவது வீண்செலவு. இதைக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தாள்கள் இருக்கிற இடங்கள் கண்ணுக்கு எட்டிய தூரம்தான். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மதராஸ் சாப்பர் என்றால் பெங்களூர். பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ, தளவாடம் தரும் ஆர்ட்னன்ஸும் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.யும் செகந்திராபாத். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து இந்தியக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். ஆனால் பென்ஷன் இல்லாமல் விலகியவரின் தனிக் கோப்பை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர்க்காலத்தில் சேர்ந்து 1946-ல் ஆள்குறைப்பில் வெளியே வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பென்ஷன் கிடையாது. ஆகையால் எங்கள் தாத்தா மாதிரி ஆட்களின் கோப்பு அவர்கள் உயிரோடிருந்தபோதே கிழிந்து போயிருக்கும். அழியாமல் வைத்திருப்பது ‘லாங் ரோல்’ என்கிற நீளப் பேரேடு ஒன்றுதான். அதில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியையும் பெயரை வைத்துத் தேட முடியாது. எண் வேண்டும்.

இப்போது புரிந்திருக்கும். பட்டாளத்துக்கு ஆள் என்பவன் எண். சம்பளம் எண்ணுக்கு, ரேஷன் எண்ணுக்கு, கடிதம் எண்ணுக்கு. இறந்துவிட்டால் மட்டும், தந்தி கொடுக்கவும் மனைவிக்கு உதவித்தொகை அனுப்பவும் ஊரும் பேரும் தேவைப்படுகிறது, அந்தத் தேவையில்தான் ‘இன்னார் மகன், இன்ன ஊர்’ என்ற வரி பிறக்கிறது. பென்ஷன் வாங்கியவருக்கும் இந்த அதிர்ஷ்டம் உண்டு. பென்ஷன் ஆணை, விதவைக்கு மாறிய ஆணை, அலகாபாத் பென்ஷன் அலுவலகத்தின் பழைய முத்திரை போட்ட தாள்கள், இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற பென்ஷன் தளத்தில் ஏறிய அடையாளம் எல்லாம் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பெயர் இருக்கலாம். இறக்காமலும் பென்ஷன் வாங்காமலும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தவனைப் பற்றி யாருக்கும் கடன் பாக்கி இல்லை. பாக்கி இல்லாத கணக்கை எவனும் பத்திரப்படுத்துவதில்லை.

நேதாஜியின் படையில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்கள் விஷயம் இதையே வேறு பக்கம் திருப்பிக் காட்டுகிறது. தென்காசி, கடையநல்லூர் பக்கத்துக்காரர்களுக்குச் சிங்கப்பூர் அடுத்த தெரு மாதிரி. அங்கே இன்றும் அந்த ஊர்ப் பெயரில் சங்கங்கள் இருக்கின்றன. மலாயாத் தோட்டத் தமிழர்களும் துறைமுகத் தமிழர்களும் ஐ.என்.ஏ.வில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் பட்டாளத்திலிருந்து பிடிபட்டு மாறியவனுக்கு விசாரணைக் கோப்பு உண்டு. தோட்டத்திலிருந்து நேரே போனவனுக்கு அதுவும் இல்லை. 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு திறந்துவிட்ட 100 நேதாஜி கோப்புகளில் பெரும்பாலும் தலைவர்கள்தான் நடமாடுகிறார்கள். சாதாரண ஆள் வேண்டுமென்றால் இரண்டு இடம். ஒன்று, 1972-ல் தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்காகக் கொடுத்த மனுக்கள். தன் கதையைத் தன் வாயால் சொல்லி, கூட இருந்தவரின் சான்றும் இணைத்து எழுதிய அந்த மனுக்களைப் போல விவரம் நிறைந்த காகிதம் வேறெதுவும் இல்லை. நகல் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று சிங்கப்பூர். அங்கத்தியத் தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து இணையத்தில் கேட்க வைத்திருக்கிறது, தமிழில் பேசியவர்களும் உண்டு. தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை ஏற்றியிருக்கிறது, கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு உட்பட.

இந்தியாவில் நிலைமை ஒரே சீராக இல்லை. தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம் 2015-ல் வந்தது. பதிவு செய்துகொண்டால் ஏராளமான கோப்புகளைத் திரையில் படிக்கலாம். ஆனால் அதன் தேடுபெட்டி கோப்பின் தலைப்பைத்தான் பார்க்கும், உள்ளே கைப்பட எழுதிய பெயரைப் பார்க்காது. ‘மதராஸ் பயோனியர்களுக்குக் கம்பளி வழங்கல்’ என்ற தலைப்பு கிடைக்கும், கம்பளி போர்த்தியவன் கிடைக்க மாட்டான். எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடத்தில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் பதிவேடுகள் இருக்கின்றன, முன்னாள் சிப்பாய்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைத்த காகிதங்களுக்கும் அங்கேதான் போக வேண்டும். அவற்றைப் பார்க்க இன்னமும் நேரில் போய், சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அதில் குறையில்லை. திரையில் அரை நாளில் களைத்துவிடுகிற கண் கட்டுக் காகிதத்தில் களைப்பதில்லை.

பஞ்சாபைப் பார்த்துப் பொறாமைப்படாமல் இருக்க முடியவில்லை. முதல் போரில் ஊர் ஊராக யார் போனார், எந்தப் பட்டாளம், என்ன ஆனார் என்று அந்த மாகாணத்தில் எழுதிய பேரேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேர். பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபுரிமைச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றி 2021 நவம்பரில் முதல் பகுதியை வெளியிட்டன. அதில் பிழைத்து வந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

எல்லாம் திரையில் வந்துவிட்டால் பத்திரம் என்ற நினைப்பும் வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைப் பிணைப்பணக் கொள்ளையர் முடக்கினார்கள். பட்டியல்கள் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை, இந்தியா ஆபீஸ் ஆவணங்களைத் தேடியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். அதே ஆவணங்களின் ஒரு பகுதியை, வளைகுடா சம்பந்தப்பட்டதை, கத்தார் தேசிய நூலகம் 2014 முதல் தன் மின்நூலகத்தில் இலவசமாக வைத்திருந்ததால் மெசபடோமியா தேடியவர்களுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

தாள் வீட்டிலேயே இருந்தால் பாதிக் கவலை தீரும். முதல் போரில் கொடுத்த பதக்கங்களின் விளிம்பைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், பட்டாளம் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாம் போர்ப் பதக்கங்கள் எல்லாவற்றிலும் அப்படி இராது. முதல் போர்ப் பதக்கங்களில் சில அசல் வெள்ளி. அதனாலேயே நம் பக்கத்தில் பல பதக்கங்கள் கொலுசாகிவிட்டன.

எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டி அத்தை வீட்டில் இருந்தது. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெரு. பரணிலிருந்து இறக்கும்போதே அத்தை சொல்லிவிட்டாள்: “ஒண்ணும் பெருசா எதிர்பாக்காதய்யா. எலி தின்னது போக மிச்சந்தான் கெடக்கு.” ஒரு கம்பளி, துருப்பிடித்த சோப்பு டப்பா, அதற்கடியில் டிஸ்சார்ஜ் புத்தகம். எலி முதல் பக்கத்தின் மேல் மூலையைத் தின்றிருந்தது. எண் எழுதும் இடம் அதுதான். பாக்கி எல்லாம் இருந்தது. பதவி சாப்பர். உயரம் ஐந்தடி நான்கங்குலம். இடது புருவத்துக்கு மேல் தழும்பு. கிராமம், தபால், தாலுகா, ஜில்லா. தாலுகாவுக்கு நேரே ‘சங்கரநயினார்கோவில்’, நான் போட்டுப் பார்த்த பதினொரு விதத்திலும் சேராத பன்னிரண்டாவது விதம். தொழில் என்ற கட்டத்தில் கொத்தனார் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் கொத்தனார் என்று தெரியாது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையாகத்தான் பார்த்திருக்கிறோம். வீட்டுப் பின்சுவரை ஆள் வைக்காமல் தானே கட்டினார் என்று அப்பா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

உயிரோடிருந்தபோதே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். “ரோடு போட்டோம், பாலம் போட்டோம்” என்பார். பாலம் எங்கே என்றால், “ஆத்துல”. மதராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளத்தில் ‘தம்பி’ என்று செல்லப்பெயர் உண்டு. அதை மட்டும் ஒருமுறை சொல்லிச் சிரித்தார், வீட்டிலும் தம்பி, அங்கேயும் தம்பி என்று. அதே சாப்பர்களில் சுபேதார் சுப்பிரமணியன் என்ற காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் படுத்துக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் பெற்றார். அந்த விவரம் லண்டன் கெஜட்டில் இருக்கிறது. ரோடு போட்டவர்கள் கெஜட்டில் வருவதில்லை.

புத்தகத்தை மூடிவைத்து, எண் போய்விட்டதே என்று நான் சொன்னதைக் கேட்டு அத்தை நிமிர்ந்தாள்.

“நம்பரா? அப்பா நம்பரா?”

“ஆமா அத்தே.”

“அதத்தான எங்களுக்குச் சோறு போடும்போது சொல்லச் சொல்லுவாரு. சொன்னாத்தான் கை எடுத்து வைக்கலாம்.” கண்ணை மூடிக்கொண்டு, ஆங்கிலம் அறியாத அத்தை ஆங்கில எண்களை ஒரு ராகத்தில் இழுத்தாள். நடுவில் வந்த பூஜ்யத்தை ‘நாட்’ என்றாள். தறிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லி, கரண்ட் பில்லின் பின்னால் எழுதிக்கொண்டேன். பெரிய தாத்தாவின் எண்ணுக்கு இருநூற்றுச் சொச்சம் தள்ளி வருகிறது. சில மாத இடைவெளிக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

கடைசி எண் மட்டும் ‘எய்ட்’டா ‘நாட்’டா என்று அத்தைக்குச் சந்தேகம். இரண்டு முறை அப்படியும் இரண்டு முறை இப்படியும் சொல்லிப் பார்த்தாள். போஸ்ட் ஆபீஸில் இரண்டு போஸ்டல் ஆர்டர் வாங்கி, இரண்டு மனுவாக பெங்களூருக்குப் போட்டிருக்கிறேன்.